முதுகில் புண் இல்லாத மூவர்

அத்தியாயம் 7

உச்சிவெயிலில் தூத்துக்குடியில் காருக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் இரண்டே ரகம். ஏ.சி. வேலை செய்கிற கார் வைத்திருப்பவர்கள் ஒன்று, வேறு போக்கிடம் இல்லாதவர்கள் இன்னொன்று. ஜெமிமா இரண்டாவது ரகம். ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரம் ஒன்று இருந்தது. அதன் நிழலை மூன்று ஆட்டோக்கள் காலையிலேயே பங்கு போட்டுக்கொண்டுவிட்டன.

ஜெமிமாவுக்கு நாற்பத்தெட்டு வயது. நாசரேத்தில் வாத்தியார் குடும்பத்தில் பிறந்து, மருந்துக் கம்பெனி பிரதிநிதியாக ஊர் ஊராக அலைந்து, முழங்கால் தேய்ந்த பிறகு துப்பறியும் நிலையம் திறந்தவள். வருகிற வேலையில் முக்கால்வாசி மாப்பிள்ளை விசாரணை. பையன் குடிப்பானா, முன்பே ஒரு நிச்சயம் நின்றுபோனதா, அவ்வளவுதான். அலுப்பான பிழைப்பு, ஆனால் அதில் யாரும் செத்துப்போவதில்லை.

இந்த வழக்கில் இரண்டு பேர் செத்திருந்தார்கள்.

நாலு மாதத்துக்குள் இந்த ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த மூன்று பேரின் ரத்தத்தில் ஒரே கிருமி கிடைத்தது. கேண்டிடா ஆரிஸ் என்று பெயர். ஈஸ்ட் இனம். பூஞ்சைக்கு வழக்கமாகக் கொடுக்கிற மருந்துகள் அதனிடம் பலிக்கவில்லை. மூன்றாவது நோயாளியான ஒரு அம்மாள் இன்னும் உள்ளே வென்டிலேட்டரில் கிடந்தாள். ஊழியர்கள் எல்லோருடைய கையையும் துடைத்துச் சோதித்துப் பார்த்ததில், நர்ஸ் ஜெப்ஸி ஒருத்தியின் கையில் மட்டும் அதே கிருமி இருந்தது. ஜெப்ஸி சமீபத்தில்தான் மஸ்கட்டில் வேலையை விட்டுவிட்டு வந்தவள். நிர்வாகத்துக்கு அது போதுமாக இருந்தது. அங்கிருந்து இவள்தான் கொண்டுவந்தாள் என்று முடிவு கட்டிவிட்டு, அதற்கு ஒத்து ஊத ஓர் அறிக்கை வேண்டும் என்றுதான் மேலாளர் பிரைட்டன் ஜெமிமாவை அமர்த்தியிருந்தார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஜெப்ஸிக்கு வேலைநீக்க உத்தரவு கொடுக்கப்போகிறார்கள். காரணம் என்ற இடத்தில் 'நோய் பரப்பியவர்' என்று ஒரு வரி வந்துவிட்டால், அப்புறம் எந்த ஆஸ்பத்திரியும் அவளை வாசலில்கூட நிற்க விடாது.

"இந்தாங்கக்கா, டீன்னு சொல்லிக் குடுத்தான்" என்று பேப்பர் கப்பை நீட்டினான் பெவின். முப்பது வயது, ஜெமிமாவின் உதவியாளன். சம்பளம் தாமதமானாலும் வாய் மட்டும் ஒருநாளும் தாமதமாகாது. "ஏங்க்கா, ஈஸ்டுன்னா பேக்கரியில பன்னு உப்புறதுக்குப் போடுததுதான? அவன் எப்ப ரௌடி ஆனான்?"

"இவன் அவனுக்குப் பங்காளி."

"பங்காளின்னா சரிதான். எல்லாக் குடும்பத்துலயும் ஒருத்தன் இப்படித்தான் இருக்கான்."

போன் அடித்தது. சென்னையில் மரபணு ஆய்வகத்தில் வேலை பார்க்கும் ஐஸ்வர்யா. மூன்று நோயாளிகளின் மாதிரியும் ஜெப்ஸியின் கைமாதிரியும் அவளிடம்தான் போயிருந்தன. ஜெமிமா ஸ்பீக்கரைப் போட்டாள்.

"மேடம், முழு மரபணுவையும் எழுத்து எழுத்தா படிச்சு முடிச்சாச்சு. ஒண்ணேகால் கோடி எழுத்து" என்றாள் ஐஸ்வர்யா. "நாலு மாதிரியும் ஒரே குடும்பம்தான். ஆனா உங்க மேனேஜர் சொல்ற கதை இதுல இல்ல."

"புரியற மாதிரி சொல்லும்மா. வெயில்ல இருக்கேன்."

"உங்க ஊர் மக்ரூன் பக்குவத்தை ஒருத்தர் வாட்ஸப்புல எழுதி அனுப்புறாங்கன்னு வைங்க. அடுத்தவங்க அதைப் பாத்து எழுதும்போது ஒரு தப்பு பண்றாங்க. அதுக்கடுத்தவங்க அந்தத் தப்பையும் சேத்து எழுதி, புதுசா ஒரு தப்பும் பண்றாங்க. தப்புகளைப் பாத்தாலே யார் யாரைப் பாத்து எழுதினாங்கன்னு தெரிஞ்சுரும். கிருமியும் பெருகும்போது அப்படித்தான் தப்பு பண்ணும். ஜெப்ஸி கையில இருக்கற கிருமியில, மூணாவது நோயாளியோட தப்பு அத்தனையும் இருக்கு. கூடவே புதுசா ஒண்ணும் இருக்கு."

ஜெமிமா டீயைக் கீழே வைத்தாள். "அப்போ ஜெப்ஸி குடுக்கல. வாங்கியிருக்கா."

"ஆமா. அந்தம்மாவைத் துடைச்சு, புரட்டிப் போட்டு, பாத்துக்கிட்டதுல இவங்க கைக்கு வந்திருக்கு. அதைவிட வேடிக்கை, மூணு நோயாளிக்கும் அடிப்படைத் தப்புகள் ஒரே மாதிரிதான், ஆனா ஆளுக்கொரு சொந்தத் தப்பு இருக்கு. அதாவது ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்குப் போகல. மூணு பேருக்கும் வேற யாரோ தனித்தனியா குடுத்திருக்காங்க. அந்த ஆளோட மாதிரி என்கிட்ட இல்ல."

"காணாமப் போன ஆளு" என்றான் பெவின். "நம்ம தொழிலுக்கு இப்பத்தான் ஒரு மரியாதை வந்திருக்கு."

"ரெண்டு வருஷத்துக்கு முந்தி உங்க மாவட்டத்துல இருந்து வந்த பழைய மாதிரி ஒண்ணு எங்க ஃபிரீசர்ல கிடக்கு. எந்த ஆஸ்பத்திரின்னு பதிவைத் தேடணும். அதையும் ஒப்பிட்டுப் பாத்துட்டுச் சாயங்காலம் கூப்பிடறேன்" என்று சொல்லி ஐஸ்வர்யா வைத்துவிட்டாள்.

ஜெப்ஸி சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், கவிழ்த்துப் போட்ட ஒரு பெயிண்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்திருந்தாள். ஐந்து மணிவரை வளாகத்தை விட்டுப் போகக்கூடாது, வார்டுக்குள்ளும் வரக்கூடாது என்று உத்தரவு. கைகளை மடியில் வைக்காமல் முழங்காலுக்கு வெளியே நீட்டித் தொங்கவிட்டிருந்தாள். தன் கை தன் மேலேயே படக்கூடாது என்பதுபோல் இருந்தது.

ஆய்வகம் சொன்னதை ஜெமிமா சொன்னாள். ஜெப்ஸி சந்தோஷப்படவில்லை. சந்தோஷப்படுகிற தெம்பு அவளிடம் இல்லை.

"சாத்தான்குளத்துல எம் பிள்ளை மகா இருக்கா மேடம், எங்க அத்தை பாத்துக்கிடுதாக, மாமா வேற படுக்கையில. மூணு வயசு. ஒரு வாரமா அவளைத் தூக்கல. ஏம்மா தூக்க மாட்டேங்கன்னு கேக்கா" என்றாள். "நான் குடுக்கலன்னு காயிதத்துல எழுதிருவீங்கல்லா?"

"எழுதுவேன். ஆனா குடுத்தது யாருன்னு சொல்லாட்டி பிரைட்டன் கேக்க மாட்டாரு. மூணு பேரும் வந்து சேரும்போது நீதான பாத்த? அவங்களுக்குள்ள ஏதாவது ஒத்துமை உண்டா?"

"மூணு பேரும் பக்கவாதம் வந்து மாசக்கணக்கா வீட்டுல படுத்த படுக்கையா கெடந்தவங்க. கடைசியில சளி கட்டி மூச்சுத் திணறி இங்க வந்தாங்க. தெரு வேற, சாதி வேற, கோயில் வேற. ஒத்துமைன்னு சொல்ல..." ஜெப்ஸி சற்று யோசித்தாள். "முதுகுதான் மேடம்."

"முதுகுக்கு என்ன?"

"புண்ணே இல்ல. வசதி இல்லாத வீடு. அத்தனை மாசம் ஒரே படுக்கையில கெடந்தா முதுகு அழுகித்தான் வரும். நான் எத்தனையோ பேரைப் பாத்திருக்கேன். இந்த மூணு பேருக்கும் முதுகு பச்சப்பிள்ளை முதுகா இருந்துச்சு. நல்லா பாத்திருக்காகளேன்னு நினைச்சுக்கிட்டேன்."

ஜெமிமா பெவினைப் பார்த்தாள். அவன் சாவியை எடுத்துவிட்டான்.

"துப்பறியும் வாழ்க்கையில முத தடவையா, இல்லாத ஒரு புண்ணைத் தேடிப் போறோம்" என்றான்.

மூன்றாவது நோயாளியின் வீடு மாப்பிள்ளையூரணியில் இருந்தது. மகன் வேல்ராஜ் துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறவன். இரண்டு வாரமாக ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்து, சட்டையை மாற்றக்கூட மறந்துபோன ஆள். உள்ளே இரும்புக் கட்டில் வெறுமையாகக் கிடந்தது.

ஜெமிமா குனிந்து பார்த்தாள். முழங்கால் கடக்கென்றது. கட்டிலின் கால்மாட்டுக் கம்பியில் பச்சைப் பெயிண்ட் இரண்டு இடத்தில் மட்டும் உரிந்து இரும்பு தெரிந்தது. அதற்கு நேர் கீழே சுவரில், கட்டிலுக்கென்றே இழுத்த ஒரு பிளக் பாயிண்ட். கொக்கி போட்டு ஏதோ ஒன்று இங்கே தொங்கியிருக்கிறது, கரண்டில் ஓடியிருக்கிறது, ஆடி ஆடி பெயிண்டை உரசியிருக்கிறது.

"காத்துப் படுக்கை" என்றாள் ஜெமிமா. "முதுகுல புண்ணு வராம இருக்கப் போடுறது. மோட்டாரு இங்கன மாட்டியிருந்துச்சு. படுக்கை எங்க?"

"அது நம்மளுது இல்லல்லாக்கா. பிரேமாக்காகிட்ட வாங்குனது" என்றான் வேல்ராஜ். "மகளிர் சங்கத்துல வச்சிருக்காக. யார் வீட்டுல ஆள் படுத்துட்டாலும் குடுப்பாக. தேவை முடிஞ்சதும் கழுவிக் கொண்டுபோய்க் குடுத்துரணும். போன வாரமே குடுத்துட்டேன். எங்கம்மைக்கு முந்தி ரெண்டு வீட்டுல கெடந்துச்சு."

இறந்துபோன இருவரின் பெயரையும் அவனே சொன்னான். அதில் ஒளிக்க என்ன இருக்கிறது என்கிற முகம் அவனுக்கு. வீட்டில் என்ன வைத்திருந்தீர்கள் என்று ஆஸ்பத்திரியில் அவனிடம் ஒருவரும் கேட்கவில்லை.

பிரேமாவின் வீடு உப்பளத்தை ஒட்டி இருந்தது. ஐம்பது வயதிருக்கும், நல்ல ஆகிருதி, நாலு தெருவுக்குக் கேட்கிற குரல். பின்பக்கத் தகரக் கொட்டகையின் நிழலில் படுக்கை கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. நீல நிற ரப்பர். மடிப்புகளில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

"தொடாதீங்க" என்றாள் ஜெமிமா. பெவின் காரிலிருந்து பெரிய பிளாஸ்டிக் பையை எடுத்துவரப் போனான்.

"ஏன் தொடக்கூடாது? எந்த ஆஸ்பத்திரியிலயும் இவ்வளவு சுத்தம் இருக்காது" என்றாள் பிரேமா. "ஒவ்வொரு வீட்டுல இருந்து வந்ததும், பாத்தியில இருந்து கெட்டி உப்புத்தண்ணி எடுத்துட்டு வந்து மூணு தடவை முக்கி எடுப்பேன். புதுசா கல்யாணம் முடிஞ்சு வந்த பிள்ளை ஒண்ணு பிளீச்சிங் பவுடர் போடணும்னு சொல்லுச்சு. போட்டா ரப்பரு போயிரும்லா? வெயிலும் ஆகாது, வெடிச்சிரும். நிழல்லதான் போடணும். உப்புல எந்தக் கிருமிக்கா பொழைக்கும்? மீனே வருசம் பூரா கெடாம கெடக்கு."

இந்தக் கடற்கரையில் பிறந்த எவளும் இதைத்தான் செய்வாள். தொண்டை வலித்தால் உப்புத்தண்ணீர், காலில் முள் குத்தினால் உப்புத்தண்ணீர், வீடு கழுவ உப்புத்தண்ணீர். ஜெமிமாவே போன வாரம் புதுச் செருப்பு கடித்த காலை உப்புத்தண்ணீரில்தான் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேறு ஊரில் இந்தப் படுக்கைக்குப் பினாயிலோ பிளீச்சிங் பவுடரோ கிடைத்திருக்கும். இந்த ஊரில் உப்புதான் கிடைத்தது.

ஐஸ்வர்யாவைக் கூப்பிட்டுக் கேட்டாள். மறுமுனையில் ஒரு பெருமூச்சு வந்தது. "மத்த கிருமின்னா பெரும்பாலும் செத்திருக்கும் மேடம். இது உப்பைத் தாங்குற ஜாதி. நாங்க ஆய்வகத்துல இதை அடையாளம் பாக்கறதே உப்பைக் கூட்டி வளர விட்டுத்தான். உப்புத்தண்ணியில முக்கினா, கூட இருக்கற போட்டிக்காரங்க எல்லாம் செத்து, இவனுக்கு வீட்டைக் காலி பண்ணிக் குடுத்த மாதிரி."

பிரேமாவுக்கும் கேட்டது. அவள் குரல் அடங்கிப்போயிற்று. கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"நானாக்கா குடுத்தேன்? அந்த ரெண்டு வீட்டுக்கும் நானா?" என்றாள். "சாயந்திரம் திருச்செந்தூர்ல இருந்து ஒருத்தர் வந்து எடுத்துட்டுப் போறதா இருக்கு. வராதியன்னு சொல்லிருதேன். சொல்லிருதேன்."

ஜெமிமாவுக்கு அவள்மேல் இரக்கமாக இருந்தது. ஒரு குற்றவாளியைத் தேடிப் பிடித்த பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுக்க வேண்டியிருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. படுக்கையில் ஒருவரும் புண்ணோடு கிடக்கக் கூடாது என்று நினைத்தவள் இவள். அதில் மட்டும் ஜெயித்திருந்தாள்.

"அக்கா, இங்கன வாங்க" என்றான் பெவின். அவன் குரலில் கிண்டல் இல்லை. பையைக் கையுறைபோல் மாட்டிக்கொண்டு படுக்கையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பிடித்திருந்தான். உப்பு அரித்து மங்கிப்போன மை. ஆனாலும் படிக்க முடிந்தது. காலையிலிருந்து அவர்கள் வாசலில் காத்துக் கிடந்த அதே ஆஸ்பத்திரியின் முத்திரை. அதற்குக் கீழே, ஐ.சி.யு. – 4.

"இது எப்படி உங்ககிட்ட வந்துச்சு?" என்று ஜெமிமா கேட்டாள்.

"ரெண்டு வருசம் முந்தி அவுக ஆண்டுவிழாவுல எங்க சங்கத்துக்கு ஒண்ணு குடுத்தாக. நல்ல மனசுல்லா, சும்மா குடுத்தாக" என்றாள் பிரேமா.

ஐஸ்வர்யா இன்னும் லைனில் இருந்தாள். "மேடம், நானே கூப்பிடணும்னு இருந்தேன். ஃபிரீசர் மாதிரியோட பதிவு கிடைச்சிருச்சு. அதே ஆஸ்பத்திரி, அதே ஐ.சி.யு. உங்க நாலு மாதிரியிலயும் இருக்கற அடிப்படைத் தப்புகள்ல பாதி இதுல இருக்கு, அதுக்கு மேல எதுவுமே இல்ல. இதுதான் முதல் பிரதி. ஜெப்ஸி அப்போ மஸ்கட்டுல இருந்தாங்களே."

"அக்கா, நமக்கு வேலை குடுத்தவரேதான் நாம தேடுன ஆளு" என்றான் பெவின். "இதைத்தான் சொந்தக் காசுல சூனியம்னு சொல்லுவாக."

ஐந்து மணிக்கு மேலாளர் அறையில் ஏ.சி. குளிர்ந்தது. நாள் முழுக்க வெந்த உடம்புக்கு அது சுகமாக இருந்ததுதான் ஜெமிமாவுக்கு எரிச்சலாக இருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் பிரைட்டன். நெற்றியில் சுருக்கமில்லாத, பேச்சில் பிசிறில்லாத மனிதர். இந்தப் பக்கம் ஜெமிமா. கதவோரம் ஜெப்ஸியும் பெவினும் நின்றார்கள். கையெழுத்தாகாத உத்தரவு மேசையில் கிடந்தது.

ஜெமிமா எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். பிரைட்டன் மறுக்கவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

"ரெண்டு வருஷத்துக்கு முந்தி அந்தக் கிருமி இருந்த நோயாளி இறந்ததும் வார்டுல எல்லாத்தையும் மாத்தச் சொன்னாங்க. புதுப் படுக்கை வாங்கினோம். பழசு நல்லாத்தான் இருந்துச்சு, எரிக்க மனசு வரல. கெட்ட எண்ணத்துல யாரும் செய்யல மேடம்" என்றார். "இப்போ படுக்கை உங்க கையில இருக்கு. இனி அதுல யாரும் படுக்கப் போறதில்ல. ஜெப்ஸி மேல தப்பில்லைன்னும் ஆயிருச்சு. இந்த உத்தரவை நானே கிழிச்சுப் போடுறேன், நாளைக்கே அவங்க டூட்டிக்கு வரட்டும். அறிக்கையில படுக்கையைப் பத்தி மட்டும் வேண்டாம். யாருக்கு நஷ்டம், சொல்லுங்க."

உண்மையைச் சொன்னால், ஜெமிமாவுக்கு அது நியாயமாகவே பட்டது. படுக்கை பிடிபட்டுவிட்டது. ஒரு பெண்ணின் வேலை தப்பிவிட்டது. சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், காலை நீட்டிப் படுத்தால் தேவலை. மாப்பிள்ளை விசாரணைகளில் இப்படி எத்தனையோ வரிகளை விட்டுக்கொடுத்திருக்கிறாள். திரும்பி ஜெப்ஸியைப் பார்த்தாள், உன் இஷ்டம் என்பதுபோல.

ஜெப்ஸி அவளைப் பார்க்கவில்லை. பிரைட்டனின் தலைக்கு மேலே, சுவரில் மாட்டியிருந்த புகைப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், இந்த ரூம்ல மூணு நாளா நின்னு ஏச்சு வாங்குனேன்" என்றாள். "உங்க முகத்தைப் பாக்க முடியாம அந்தப் போட்டோவைத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். உங்க ஆண்டுவிழாதான? வரிசையா அஞ்சு பொம்பளைங்க நிக்காங்க. ஆளுக்கொரு நீலச் சுருட்டு, மேல ரிப்பன். பாயின்னு நினைச்சேன்."

பிரைட்டன் திரும்பிப் பார்க்கவில்லை. ஜெமிமா பார்த்தாள். எங்க சங்கத்துக்கு ஒண்ணு என்றுதான் பிரேமா சொல்லியிருந்தாள். மற்ற சங்கங்களுக்கு எத்தனை என்று கேட்க அப்போது ஜெமிமாவுக்குத் தோன்றவில்லை.

"மத்த நாலும் எங்க சார்?" என்றாள் ஜெமிமா.

"அதெல்லாம்... நாங்க கூப்பிட்ட சங்கத்துக்காரங்க வந்து வாங்கிட்டுப் போனாங்க. இப்போ யார்கிட்ட இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?" பிரைட்டன் முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். "ஜெப்ஸி, உனக்கு வேலை வேணுமா வேண்டாமா?"

"வேணும் சார். குடுத்தா பாக்கேன். குடுக்காட்டியும் இது அறிக்கையில வரட்டும்."

சொல்லிக்கொண்டே அவள் மேசையைச் சுற்றிப் போய், புகைப்படத்துக்கு அருகில் நின்றாள். வரிசையில் கடைசியில் நின்ற பெண்ணின் முகத்தை உற்றுப் பார்த்தாள். இத்தனை நாள் தூரத்திலிருந்து பார்த்த முகம், கிட்டத்தில் தெரிந்த முகமாக இருந்தது.

ஜெப்ஸி போனை எடுத்து எண்ணை அழுத்தினாள். மணி போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் யாரோ எடுத்தார்கள்.

"அத்தை, ஜெப்ஸி பேசுதேன். நம்ம தெருவுல தேவகனி பெரியம்மா இருக்காகள்லா, சங்கத்துல இருக்காகளே, அவுகளை உடனே கூப்பிடணும். என்ன? மத்தியானம் நம்ம வீட்டுக்கு வந்திருந்தாகளா?" அவள் குரல் இறங்கியது. "சரி அத்தை. பதறாதீங்க. மாமாவை இப்போ எதுல படுக்க வச்சிருக்கீங்க? பாப்பா எங்க இருக்கா?"